தரங்கம்பாடியை நடந்தே பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

திருக்கடையூரில் மணிவிழா முடிந்த கையோடு வேன்கள் தரங்கம்பாடிக்கு வரும். கோட்டை முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் கடலில் கால் நனைக்கும். யாராவது ஒருவர் "இவ்வளவுதானா?" என்பார். ஒரு மணி நேரத்தில் வண்டி காரைக்கால் பக்கம் திரும்பிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் மதில் சூழ்ந்திருந்த பழைய ஊர் மொத்தமும் பத்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும். எங்கே நிற்பது, எதைத் தேடுவது என்று சொல்ல ஆள் இல்லையென்றால் ஒரு மணி நேரமே அதிகம்தான்.

இந்த வழிகாட்டி அந்தக் குறையைத் தீர்க்க எழுதியது. இதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. தரங்கம்பாடியை "டென்மார்க்காரர் கட்டிய ஊர்" என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். டேனியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கோயில் இருந்தது, துறை இருந்தது. அவர்கள் 1620இல் வந்தார்கள், 225 ஆண்டுகள் இருந்தார்கள், 1845இல் விலை பேசி விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையும் தேவாலயங்களும் அழகானவை, நிதானமாகப் பார்க்க வேண்டியவை. ஆனால் அவற்றை ஊரின் கதையில் நடுவே வரும் ஓர் அத்தியாயமாக வைத்துப் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

எத்தனை நாள், எந்த மாதம்

ஒரு மாலை, ஓர் இரவு, மறுநாள் மதியம் வரை. இதற்குக் குறைந்தால் வேண்டாம், கூடினால் நல்லது. காலையில் வந்து மாலையில் திரும்பும் திட்டத்தில் ஊரின் இரண்டு நல்ல வேளைகளும் கைவிட்டுப் போகின்றன: விளக்கு வைக்கும் நேரம் ஒன்று, விடியற்காலை இன்னொன்று.

ஜனவரியும் பிப்ரவரியும் மிக நல்ல மாதங்கள். ஏப்ரல் பாதிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். தவிர, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாட்களும் கரை பாதி உயிரோடுதான் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை.

மழைக்காலத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு பழைய காரணமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இந்தத் துறைமுகம் எப்படி இயங்கியது என்பதே புரிந்துவிடும். துறைமுகம் என்றதும் நாம் நினைக்கும் விரிகுடாவோ, அலை தடுக்கும் சுவரோ, கப்பல் அணையும் மேடையோ இங்கே கிடையாது. சோழமண்டலக் கரை நேர்கோடாக ஓடும் மணற்கரை. கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நின்றன. சரக்கும் ஆட்களும் கரைக்கு வந்தது மசூலாப் படகுகளில். பலகைகளை ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது முறியாமல் நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியரின் விறைப்பான கப்பல் படகுகளால் இந்தக் கரையலையைத் தாண்ட முடியவில்லை. டென்மார்க் மன்னரின் ஆளுநராகவே இருந்தாலும், கடைசி சில நூறு கஜத்தை இந்தக் கரை மீனவரின் துடுப்பை நம்பித்தான் கடந்தாக வேண்டும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வலுத்தால் ஒதுங்க இடமில்லாததால் பெரிய கப்பல்கள் இந்தக் கரையை விட்டே விலகிப் போய்விடும்.

கிழமையையும் கவனியுங்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் திறக்காது. நான் முதல் தடவை போனது ஒரு வெள்ளிக்கிழமை. பூட்டிய கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும் என்பதால் சுற்றிப் பார்க்க வசதிப்படாது. சனிக்கிழமை பிற்பகல் வந்து ஞாயிறு மதியம் கிளம்புவதானால் தேவாலயங்களைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

போய்ச் சேர்வது

தரங்கம்பாடி இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 2020 கடைசியில் மாவட்டம் பிரியும் வரை நாகப்பட்டினத்தோடு இருந்தது. மயிலாடுதுறை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரும் பஸ்ஸைப் பிடிப்பது எளிது. சுமார் 30 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி கடந்து வரலாம். தெற்கிலிருந்து வருவோருக்குக் காரைக்கால் கூப்பிடு தூரம்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ஒரு மீட்டர்கேஜ் ரயில் 1926 முதல் ஓடிக்கொண்டிருந்தது. 1980களில் அதை நிறுத்திவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அந்த ரயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு எளிதில் முடியாது.

தங்குவதற்கு ஊருக்குள் சில விடுதிகள் உண்டு. திடலோரத்தில் இருக்கும் பழைய ஆங்கிலேயக் கலெக்டர் பங்களாவே தங்கும் விடுதியாகியிருக்கிறது. கட்டணம் சற்றுக் கூடுதல். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் 7 கிலோமீட்டரில் இருக்கும் திருக்கடையூரிலோ, காரைக்காலிலோ அறை எடுக்கலாம். ஆனால் முடிந்தால் ஊருக்குள்ளேயே தங்குங்கள். விடியற்காலையில் கோயிலடிக்கு நடந்தே போகும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கும்.

முதல் படி: நகர வாசலில் நில்லுங்கள்

பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் தொடங்குங்கள். வண்டியில் வந்திருந்தால் அதை வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். பிரதான சாலையிலிருந்து கிழக்கே திரும்பினால் வெள்ளையடித்த ஒரு வளைவு வாசல் வரும். மேலே டேனிஷ் அரச முத்திரை. இப்போது நிற்கும் வாசல் 1792இல் கட்டியது. ஊரைச் சுற்றி மதில் இருந்தபோது நிலவழியாக வருகிறவர்கள் இதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். மதில் பெரும்பாலும் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது.

இங்கேயே ஊர்ப் பெயரையும் பேசி முடித்துவிடுவோம். "பாடும் அலைகளின் ஊர்" என்று சுற்றுலாப் பலகைகள் சொல்லும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை, சரி. ஆனால் பாடி என்பது பாடுவது இல்லை, குடியிருப்பு. ஆயர்பாடி, வாணியம்பாடி, வியாசர்பாடி எல்லாவற்றிலும் இருக்கும் அதே பாடி. அலைகள் ஓரத்துக் குடியிருப்பு என்பதே பொருள். பாண்டியர் காலத்துக் கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் வருகிறது. கடற்கரையில் இருக்கும் வணிக ஊருக்குத்தான் தமிழில் பட்டினம் என்று பெயர். ஆக, டேனியர் தம் மாலுமிகளை இந்தப் பக்கம் அனுப்ப யோசிப்பதற்கு வெகுகாலம் முன்பே இது பட்டினம்.

இரண்டாம் படி: ராஜா வீதியும் இரண்டு தேவாலயங்களும்

வாசலிலிருந்து கடலை நோக்கி நேராகப் போவது ராஜா வீதி. இணையாகவும் குறுக்காகவும் ராணி வீதி, அட்மிரல் வீதி, பொற்கொல்லர் வீதி, பள்ளிவாசல் வீதி. பெயர்களை மட்டும் படித்துக்கொண்டே போனாலும் யார் யார் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்று தெரிந்துவிடும். தடித்த சுவர், வழவழப்பான தூண்கள், தெருவைப் பார்த்த திண்ணை என்று ஐரோப்பிய வீடும் தஞ்சை வட்டாரத்து வீடும் ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியிருப்பதை நின்று கவனியுங்கள். அவை பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திண்ணையில் ஏறிப் படம் எடுப்பதற்கு முன் "அம்மா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பதுதான் முறை.

வீதியில் இரண்டு தேவாலயங்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். சீயோன் தேவாலயம் 1701இல் டேனியர் தங்களுக்கென்று கட்டியது. புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காகக் கட்டியது. சிலுவை வடிவத் தரை அமைப்பு. முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முடியும் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஒரே மதம், ஒரே ஊர், ஒரே தெரு. ஆனாலும் ஆள்பவர்க்கு ஒன்று, ஆளப்படுபவர்க்கு ஒன்று. இந்த இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே நின்று பார்த்தால் காலனிய ஆட்சி என்னவென்று கண்ணுக்குத் தெரியும்.

கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள், சாவி வைத்திருப்பவர் யார் என்று சொல்வார்கள். புதிய எருசலேம் தேவாலயத்தினுள் பலிபீடத்தின் இரு பக்கமும் இரண்டு கல்லறைகள். ஒன்று சீகன்பால்கு, மற்றொன்று அவருடைய சகா கிரண்ட்லர். சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36. தேவாலயம் எழும்பி ஓராண்டுகூட ஆகவில்லை.

மூன்றாம் படி: திடல், கடற்கரை, மாலை

வீதி முடியும் இடத்தில் கோட்டைக்கு முன்னால் பரந்த திடல் திறக்கும். அன்று படைவீரர் அணிவகுத்த இடம். சுற்றிலும் டேனிஷ் ஆளுநர் மாளிகை, பிறகு வந்த கலெக்டர் பங்களா. ஏன் இத்தனை சிறிய ஊரில் கலெக்டர் பங்களா? 1845இல் டேனியர் தம் இந்திய உடைமைகளை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் கொடுத்தபோது, கம்பெனி தஞ்சை மாவட்டத் தலைமையிடத்தைச் சில ஆண்டுகள் இங்கே வைத்தது. பின்னால் ரயில் 1861இல் நாகப்பட்டினத்துக்குப் போனது, வணிகமும் அங்கே போனது. தரங்கம்பாடி அப்படியே நின்றுவிட்டது. பழைய வீதிகள் இன்றும் பழையபடியே இருப்பதற்கு அந்தப் புறக்கணிப்பும் ஒரு காரணம்.

மாலையில் கோட்டைக்குள் போக வேண்டாம், வெளியே மட்டும் சுற்றி வாருங்கள். மணற்கல் நிறச் சுவர்மேல் மேற்கு வெயில் விழும் அரை மணி நேரம் போதும். அதன் பின் கரையில் உட்காருங்கள். இந்தக் கரையில் ஓசோன் அதிகம், மூச்சுக்கு நல்லது என்று பலரும் சொல்வார்கள்; அதை நம்பி யாரும் வர வேண்டாம். ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். உப்பும் குளிர்ச்சியுமாக வீசும் சுத்தமான கொண்டல் காற்றுக்கு வேறு சிறப்புத் தேவையே இல்லை.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: இங்கே கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். இழுப்பு அதிகம். கரையரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்கள் பாசி பிடித்து வழுக்கும். குழந்தைகள் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த ஊர் மீனவக் குடியிருப்பு பட்ட அடி பெரிது. வீட்டுக்கு ஒரு பெயரையாவது சொல்வார்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

நான்காம் படி: விடியலில் மாசிலாமணிநாதர் கோயில்

ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்தால் அலைக்கும் கோயிலுக்கும் நடுவே கற்குவியல் மட்டும் இருக்கும் இடம் வரும். மாசிலாமணிநாதர் கோயில், 1306. மாறவர்மன் குலசேகர பாண்டியன் நிலம் கொடுத்து எழுந்தது. மேலே சொன்ன குலசேகரன்பட்டினம் என்ற பெயருக்கும் அவன் காலம்தான் அடிப்படை.

கோயிலின் பழைய முன்பகுதி பெருமளவு கடலோடு போய்விட்டது. பழைய படங்களில் பார்த்தால் அலை நேராகச் சுவரில் அடிக்கும். கல்லின் முனைகள் கரைந்து வழவழத்துக் கிடக்கும். எஞ்சியதைக் கருங்கல் கொட்டிக் காப்பாற்றித் திருப்பணியும் செய்திருக்கிறார்கள். புதுச் சுதையும் வண்ணமும் சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. பூஜை நடக்கும் கோயில் இது, ஊரார் தம் சுவாமிக்கு வேண்டியதைச் செய்கிறார்கள். பழைய கல்லைப் பார்க்க விரும்பினால் தரையோடு ஒட்டிய அடிப்பகுதியில் தேடுங்கள்.

சூரியன் நேர் எதிரே கடலிலிருந்து எழும். அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தால் இடப்பக்கம் கோட்டை, வலப்பக்கம் கோயில். இரண்டும் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன. இடையே 314 ஆண்டுகள். நான் சொன்ன வரிசை இந்த இடத்தில் கண்ணெதிரே கிடைக்கும். அதற்காகத்தான் முதல் நாள் கோட்டைக்குள் போக வேண்டாம் என்றேன்.

பிறகு மீன் இறங்கும் இடத்துக்குப் போகலாம். ஏலம் நடக்கும்போது வழியை அடைக்காமல் ஓரமாக நில்லுங்கள். காய்கிற வலையின் மேல் கால் வைத்துவிடாதீர்கள். "அண்ணா, மீன்பாடு எப்படி?" என்று கேட்டால் பதில் வரும், அதோடு காற்றைப் பற்றிய பேச்சும் வரும். வாடை வடக்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து. துறைமுகத்தின் பழைய அறிவு அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைவிட இந்தப் பேச்சில் அதிகம் இருக்கிறது.

ஐந்தாம் படி: டேன்ஸ்போர்க் கோட்டை

காலை உணவை முடித்துக்கொண்டு பத்து மணி வாக்கில் கோட்டைக்கு வாருங்கள். உள்ளே நுழையும் முன் கதையைத் தெரிந்துகொண்டால் வெறும் அறைகளும் பேசும்.

1618 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பல் கூட்டம் புறப்பட்டது. தலைவர் ஓவே யெத்தே, 24 வயது நிரம்பாத இளைஞர். அவர்கள் புறப்பட்டது தரங்கம்பாடிக்கு இல்லை, இலங்கைக்கு. கண்டி மன்னரோடு கூட்டுச் சேர்ந்து போர்ச்சுகீசியரை எதிர்த்து வணிகம் பிடிப்பது திட்டம். 1620இல் இலங்கை போய்ச் சேர்ந்தபோது அது கைகூடவில்லை. இதற்கிடையில் முன்னதாகவே வந்திருந்த ஒரு டேனிஷ் கப்பலை காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியர் மூழ்கடித்திருந்தார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே தஞ்சைக்குப் போய் இரகுநாத நாயக்கரைச் சந்தித்துப் பேசினார். அதன் விளைவுதான் 1620 நவம்பர் 19 உடன்படிக்கை. நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நாயக்கர் ஏமாந்து ஊரைக் கொடுத்தார் என்று எண்ண வேண்டாம். நாகப்பட்டினத்தில் காலூன்றியிருந்த போர்ச்சுகீசியருக்குப் போட்டியாக இன்னொரு வாடகைதாரரைக் கொண்டுவந்தார். ஆண்டுதோறும் வாடகையும் பேசிக்கொண்டார்.

மிளகுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு வந்த டேனிஷ் கம்பெனி தடுமாறியது. 1639க்குப் பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. ஐரோப்பாவில் போர், கம்பெனியிடம் பணம் இல்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், ஓடினார்கள். 1655இலிருந்து பொறுப்பில் இருந்தவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. கடைசியில் மிஞ்சிய டேனியர் அவர் ஒருவர்தான். வாடகை நின்றதால் தஞ்சைப் படை பலமுறை வந்து சூழ்ந்தது. அவர் உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, வங்கக் கடலில் கப்பல்களைக் கொள்ளையிட்டுச் சமாளித்து, ஊரைச் சுற்றி அரணும் எழுப்பினார். 1669 மே மாதம் "ஃபேரோ" என்ற டேனிஷ் போர்க்கப்பல் அடிவானில் தெரிந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது.

கோங்ஸ்பாக்கேயை வீரனாகக் கொண்டாடுவதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கொள்ளைபோன கப்பல்களில் இருந்தவர்களுக்கும் வீடு, குடும்பம் இருந்திருக்கும். ஆனால் மாடித் தாழ்வாரத்தில் நின்று கடலைப் பார்க்கும்போது, வராத கப்பலுக்காக அத்தனை ஆண்டுகள் இதே அடிவானத்தைப் பார்த்த ஒரு மனிதனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

உள்ளே போனதும் நேராக மாடிக்கு ஏறாதீர்கள். முதலில் கீழ்த்தளம்: வளைகூரை போட்ட தாழ்வான அறைகள். சரக்குக் கிடங்கு, வீரர் தங்குமிடம், சிறை எல்லாம் இங்கேதான். 1708 கடைசியில் சீகன்பால்குவை டேனிஷ் தளபதியே நான்கு மாதம் இந்தக் கோட்டையில் சிறைவைத்தார். மன்னர் அனுப்பிய ஆள், மன்னரின் கோட்டையிலேயே கைதி. மிஷன் வேலை வணிகத்தைக் குலைக்கும் என்பது கம்பெனி ஆட்களின் பயம். கீழே கண் பழகிய பிறகு மேலே போங்கள். ஆளுநர் குடியிருப்பும் வழிபாட்டு இடமும் இருந்த தளத்தில் இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். சீனப் பீங்கான், நாணயங்கள், டேனிஷ் கையெழுத்து ஆவணங்கள், வாள்கள், சுடுமண் பொருட்கள். காட்சி அமைப்பு பழையது, விளக்கக் குறிப்புகள் இன்னும் நிறைய வேண்டும். நாணயங்களின் முன்னால் மட்டும் கூடுதலாக நில்லுங்கள். டென்மார்க் மன்னரின் எழுத்துப் பொறித்த சிறுகாசுகள் இந்த ஊர்ச் சந்தையில் கீரைக்கும் மீனுக்கும் கைமாறியவை.

கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆறாம் படி: சீகன்பால்கு வீடு

தமிழ் படிக்கிற எவருக்கும் ஊரில் அதிகம் பிடிக்கப்போவது இந்த இடம்தான் என்பது என் எண்ணம். சீகன்பால்கு வாழ்ந்த வீட்டைப் புதுப்பித்து 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள பிராங்கே நிறுவனமும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் சேர்ந்து செய்த வேலை.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் சக மிஷனரி புளுட்சோவும் இங்கே இறங்கினார்கள். கரையில் வரவேற்பு எதுவும் இல்லை. மதம் பரப்ப வந்த இளைஞர், தமிழ் எழுத்தைத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். இரண்டே ஆண்டில், தாம் திரட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் எழுதி முடித்தார். எந்த ஏடு யாரிடம் கிடைத்தது, அதில் என்ன இருக்கிறது என்று ஓர் அந்நியர் அக்கறையோடு எழுதி வைத்த ஆவணம் அது. நம் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலை 1713இல் ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்தவர்கள் அச்சிட மறுத்துவிட்டார்கள். புறச்சமயத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர்கள் வாதம். நூல் அச்சேறியது 1867இல், சென்னையில்.

அச்சுக்கூடம் பற்றி ஒரு திருத்தம். "தமிழில் முதல் அச்சு தரங்கம்பாடியில்தான்" என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வதுண்டு. தமிழ் எழுத்தில் முதல் நூல் 1578இல் கொல்லத்தில் அச்சானது. போர்ச்சுகீசிய மிஷனரி அன்றிக் அடிகளார் வெளியிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. 1712இல் அச்சு இயந்திரம் வந்தது. அதோடு கிளம்பிய அச்சர் வழியிலேயே இறந்துபோனார். 1713இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகிவிட்டது. இந்திய மொழிகளிலேயே அதுதான் முதல். பக்கத்துப் பொறையாறில் காகித ஆலையும் தொடங்கிப் பார்த்தார்கள். கூடக் கிளம்பிய அச்சர் வந்து சேராமலே போயும் மூன்றே ஆண்டில் இத்தனை. வீட்டில் இருக்கும் அச்சுப் பொறியின் முன் நிற்கும்போது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தைகளுக்கு 1707இலேயே இங்கே பள்ளி தொடங்கியது. 1733இல் ஆரோன் என்ற தமிழர் போதகராக நியமனம் பெற்றார். புராட்டஸ்டன்ட் சபையில் அந்த நிலைக்கு வந்த முதல் இந்தியர். 1768இல் வந்த மருத்துவர் கேனிக், தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். சோழமண்டலச் செடிகொடிகளுக்கு முறையான தாவரவியல் வகைப்பாடு தொடங்கியது இந்தச் சிற்றூரிலிருந்துதான்.

கையில் இருக்க வேண்டியவை

தொப்பி, தண்ணீர், பருத்தி உடை. வீதிகளில் நிழல் குறைவு. சில்லறை வைத்திருங்கள். சாப்பாட்டுக்கு ஊருக்குள் சிறிய கடைகள்தான். அசைவம் வேண்டுமென்றால் அன்று இறங்கிய மீன் என்னவென்று கேட்டுச் சாப்பிடுங்கள். மருந்துக் கடை, வங்கி போன்றவற்றுக்குப் பொறையாறு பக்கத்திலேயே இருக்கிறது.

வயதானவர்களை அழைத்து வந்தால் வாசல் முதல் திடல் வரை ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். கோட்டையின் மாடிப்படி சற்றுச் செங்குத்தானது.

அடுத்து எங்கே

மதியத்துக்கு மேல் நேரம் இருந்தால் இரண்டு வழிகள். வடக்கே போனால் திருக்கடையூரில் மாலை தரிசனம், அதையும் தாண்டினால் காவிரி கடலில் சேரும் பூம்புகார். தரங்கம்பாடியில் ஒரு நாள் நடந்த பிறகு பூம்புகாரின் வெறும் மணற்கரையில் நின்றால், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் போன துறையை மனத்துக்குள் கட்டிப் பார்ப்பது சுலபமாக இருக்கும்.

தெற்கே போனால் பொறையாறைக் கடந்து காரைக்கால், பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அதற்கப்பால் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் அடுத்தடுத்து இருந்த நாகப்பட்டினம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பஸ் பயணத்துக்குள் நான்கு ஐரோப்பிய நாடுகள் போட்டி போட்ட கரை இது. காரைக்காலில் இறங்குகிறவர்கள் அந்தி சாயும் முன் அரசலாற்று முகத்துவாரம் வரை நடந்து பார்க்கலாம். கிராப்பேயின் கப்பல் மூழ்கியது அந்தப் பக்கத்துக் கடலில்தான். சென்னைக்கு அங்கிருந்தே இரவு ரயில் உண்டு.